மூன்றாம் மாதம் நான்காம் நாள்

2008 ஏப்ரல் 27, ஞாயிறு
பழைய கணக்கில் மூன்றாம் மாதம் 22

தங்கை குய்லியானுக்கு,

உன் கடிதம் 25ஆம் தேதி, வெள்ளிக்கிழமை, காலைத் தபாலில் கிடைத்தது. வழக்கம்போல நீ தேதியிடவில்லை. உறையின் முத்திரையில் 22 என்று மங்கலாகத் தெரிகிறது. ஆகவே 21ஆம் தேதி வாக்கில் எழுதியிருப்பாய் என்று கொள்கிறேன். மாவட்ட மனு அலுவலகத்தில் இருபத்தாறு ஆண்டுகள் ஊழியம் செய்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: தேதியில்லாத காகிதத்தை எவரும் காகிதமாக மதிப்பதில்லை. தொலைபேசியில் பேசலாமே என்று கேட்டிருக்கிறாய். வேண்டாம். பேச்சுக்குத் தேதியும் இல்லை, முத்திரையும் இல்லை.

நடந்தவற்றை ஒழுங்குபடுத்துகிறேன்; பிழையிருந்தால் திருத்து. மார்ச் 11, செவ்வாய்க்கிழமை, உங்கள் ஊர்க் கல்குவாரியில் வெடிவைத்த பாறை சரிந்தது. இருவர் அங்கேயே இறந்தனர். உன் மகன் சாங்ஹே, மாவட்ட மருத்துவமனையில் இருபத்தொன்பது நாட்கள் கிடந்து, ஏப்ரல் 9, புதன்கிழமை, பிற்பகல் நான்கு மணி பத்து நிமிடத்திற்கு இறந்தான். நான் அவன் கால்மாட்டில் நின்றிருந்தேன். அன்று மாலையே என் நாட்குறிப்பில் எழுதினேன். மருத்துவமனை தந்த சான்றிதழிலோ ஏப்ரல் 12 என்றிருக்கிறது.

செத்தவனின் தேதியை மூன்று நாள் தள்ளிவைப்பதில் யாருக்கு என்ன லாபம் என்று கேட்டிருக்கிறாய். விபத்து நடந்து முப்பது நாட்களுக்குள் இறப்பவரே விபத்தில் இறந்தவராக எண்ணப்படுவார் என்பது விதி. அந்த முப்பது நாட்கள் ஏப்ரல் 10ஆம் தேதியோடு முடிந்தன. இறந்தோர் இருவர் என்றால் மாவட்டமே விசாரித்து, மாவட்டமே முடித்துக்கொள்ளும். மூவர் என்றால் விசாரணைக் குழு மேலே நகரத்திலிருந்து வரும். ஒன்றியத்திலும் மாவட்டத்திலும் அந்த ஆண்டு ஒருவருக்கும் பதவி உயர்வு கிடையாது. சிலருக்கு இருக்கும் பதவியும் போகும். நம் சாங்ஹே மூன்றாமவன். இதுதான் காரணம்.

இழப்பீடு வந்துவிட்டது, அது உனக்குப் பெரிதல்ல, அவன் பெயர் அந்த இருவரோடு இருக்க வேண்டும் என்று எழுதியிருக்கிறாய். நியாயமான கோரிக்கை. மனுவை நானே எழுதி இணைத்திருக்கிறேன். இதை நம் மாவட்ட மனு அலுவலகத்தில் கொடு. ரசீது வாங்காமல் நகராதே. அறுபது நாட்களுக்குள் அவர்கள் பதில் தந்தாக வேண்டும். அது சரியில்லையென்றால் அடுத்த படிக்குப் போகலாம். எக்காரணம் கொண்டும் படியைத் தாண்டாதே. முறையாகப் போகும் மனுவுக்கு முறையான பதில் உண்டு.

அண்ணன்
தான் ஷோவ்ஜென்


அண்ணாவுக்கு,

தேதி கேட்பீர்கள். பூகம்பத்தில் செத்தவர்களுக்காக நாடெல்லாம் மூன்று நிமிடம் நின்றதே, அதற்கு மறுநாள்.

நானும் நின்றேன். வயலில் மண்வெட்டியைப் போட்டுவிட்டு நின்றேன். வானொலியில் இத்தனை ஆயிரம், இத்தனை நூறு என்று ஒரு ஆளையும் விடாமல் சொன்னார்கள். அவ்வளவு பேரை எண்ண முடிகிறவர்களுக்கு என் வீட்டில் ஒருவனை எண்ண முடியவில்லையே என்று நினைத்தேன். அப்படி நினைத்தது தப்பு என்று பிறகு தோன்றியது. அவர்களும் யாரோ பெற்ற பிள்ளைகள்தான்.

மனுவைக் கொடுத்தேன். சன்னலில் இருந்த பெண் ரசீது தர மனமில்லாமல் முனகினாள். "என் அண்ணன் இதே அலுவலகத்துல இருந்தவரு, ரசீது வாங்காம வரக்கூடாதுன்னு சொல்லியிருக்காரு" என்றேன். உடனே எழுதித் தந்தாள்.

எட்டாவது நாள் எங்கள் ஒன்றியக் கட்சிச் செயலர் ஹுவோ வீட்டுக்கு வந்தார். ஒரு கையில் எண்ணெய் டின், இன்னொரு கையில் அரிசி மூட்டை. கதவைத் திறந்ததும் சிரித்தார்.

"என்ன பெரியம்மா, இப்படிப் பண்ணிட்டீங்க? இருக்கிறது பக்கத்துல. என்கிட்டயே சொல்லியிருக்கலாமே!"

"புகாரே உங்க மேலதான் தம்பி. அதை உங்ககிட்டயே எப்படிச் சொல்றது?"

"எங்க கொடுத்தாலும் என்கிட்டதான் வரப்போகுது. பெய்ஜிங்ல கொண்டுபோய்க் கொடுத்தாலும் என் மேசைக்குத்தான் வரும். வழியில முத்திரைதான் கூடும்."

என் மனுவையே பையிலிருந்து எடுத்துக் காட்டினார், அண்ணா. நீங்கள் எழுதிய அதே தாள். அதை விரலால் தட்டிக்கொண்டே சொன்னார்: "கையெழுத்து முத்து முத்தா இருக்கு. தான் ஷோவ்ஜென் ஐயா எழுதினதுதானே? மாவட்டத்துல இந்தக் கையெழுத்து தெரியாத ஆளு உண்டா?"

எனக்கு ஒன்றைத்தான் புரியவைக்க வேண்டும். மேலே கொடுத்தால் மேலே போகும் என்றீர்கள். எப்படிக் கீழே வந்தது? யார் மேல் புகார் சொன்னேனோ அவர் கைக்கே எப்படி வந்தது?

எண்ணெயை வாங்கவில்லை. அரிசியையும் வாங்கவில்லை. அவர் வாசலிலேயே வைத்துவிட்டுப் போனார். கோழிகள் மூட்டையைக் கிழித்துவிட்டன.

குய்லியான்


2008 மே 29, வியாழன்
பழைய கணக்கில் நான்காம் மாதம் 25

தங்கை குய்லியானுக்கு,

உன் கடிதம் 24ஆம் தேதியே வந்துவிட்டது. ஐந்து நாட்கள் தாமதித்ததற்கு உடல்நலக் குறைவு காரணமல்ல. உன் கேள்விக்கான பதில் எனக்கு நன்றாகத் தெரியும் என்பதுதான் காரணம்.

பிரச்சினை எங்கே எழுந்ததோ அங்கேயே தீர்க்கப்பட வேண்டும் என்பது எங்கள் அலுவலகத்தின் முதல் விதி. மனு எந்தப் படிக்குப் போனாலும் அங்கிருப்பவர் விசாரிக்க மாட்டார். 'பொறுப்புள்ள அலுவலகத்துக்கு அனுப்பப்பட்டது' என்று முத்திரையிட்டு அடுத்த கீழ்ப்படிக்கு அனுப்புவார். பெய்ஜிங் மாகாணத்துக்கு, மாகாணம் நகரத்துக்கு, நகரம் மாவட்டத்துக்கு, மாவட்டம் ஒன்றியத்துக்கு. அந்த முத்திரை இருபத்தாறு ஆண்டுகள் என் கையில் இருந்தது. வந்த மனுவை அன்றே அனுப்பிவிடுவேன். மறுநாளுக்கு ஒன்றும் மீதி வைத்ததில்லை. அதற்காக மூன்று முறை பாராட்டுப் பத்திரம் பெற்றேன். அனுப்பியவை போய்ச் சேர்ந்த இடத்தில் என்ன ஆயின என்று ஒருமுறையும் விசாரித்ததில்லை. அது என் பணியில் சேராது.

ஹுவோவை நீ தீயவர் என்று எண்ண வேண்டாம். ஒன்றியத்துக்குத் தலைவர் ஒருவர் உண்டு. கட்சிச் செயலர் ஒருவர் உண்டு. தலைவர் கையெழுத்திடுவார், செயலர் தலையசைத்த பிறகு. அந்தச் செயலரை நியமிப்பது மாவட்டச் செயலர். அவரை நியமிப்பவர் அவருக்கு மேலே. எவரையும் நீ அங்கே வைக்கவில்லை. ஆகவே எவருடைய கழுத்தும் உன் பக்கம் திரும்பாது. மாதம் ஒருமுறை பட்டியல் வருகிறது: எந்த ஒன்றியத்திலிருந்து எத்தனை பேர் மேலே மனுவோடு போனார்கள் என்று. கடைசியில் நிற்கும் ஒன்றியத்தின் செயலர் கூட்டத்தில் எழுந்து நின்று தன்னையே குறைகூறிப் பேச வேண்டும். அவர் உன்னைக் கண்டு அஞ்சுகிறார் என்பதை நினைவில் வை. அஞ்சுகிறவரிடம் கவனமாக இருக்க வேண்டும்.

மனுவை என் கையால் எழுதியது பிழை. வேறொருவரை எழுதச் சொல்லியிருக்க வேண்டும். என் கையெழுத்தைப் பாராட்டினார் என்று படித்தபோது, ஒரு கணம், வெட்கமாக இருக்கிறது, மகிழ்ந்தேன்.

நாட்குறிப்பின் அந்தப் பக்கம் வேண்டும் என்று கடிதத்தோடு தனித் துண்டுத்தாளில் கேட்டிருந்தாய். 1971 ஜனவரி 1 முதல் எழுதுகிறேன். ஒரு பக்கமும் கிழித்ததில்லை. நகல் எடுத்து இத்துடன் அனுப்புகிறேன். மூலம் என்னிடம் பத்திரமாக இருக்கும்.

அண்ணன்
ஷோவ்ஜென்


அண்ணாவுக்கு,

கோதுமை அறுத்து முடித்த மறுநாள் எழுதுகிறேன்.

பதில் வந்துவிட்டது. அறுபது நாள்கூட ஆகவில்லை. 'விசாரித்ததில் மனுவில் கூறியது உண்மையல்ல' என்று ஒரே வரி. கீழே சிவப்பு முத்திரை. ஒன்றிய அலுவலகத்துக்குப் போய் ஹுவோவிடம் உங்கள் நகலைக் காட்டினேன்.

"நகலா? நகல்ல எந்தத் தேதியை வேணா போட்டுக்கலாமே பெரியம்மா. இதைப் பாருங்க" என்று ஒரு தாளைத் திருப்பி என் பக்கம் வைத்தார்.

பிணம் வாங்கிய தாள். அதில் ஏப்ரல் 12 என்று எழுதி, கீழே என் கைரேகை.

அண்ணா, மூன்று நாள் அவனைக் குளிர் அறையில் வைத்திருந்தார்கள். இன்னும் ஒரு காகிதம், இன்னும் ஒரு காகிதம் என்று என்னை நடைபாதையிலேயே உட்காரவைத்தார்கள். கடைசியில் ஒரு தாளை நீட்டினார்கள். நான் கட்டைவிரலைச் சிவப்பு மையில் தோய்த்து வைத்தேன். ஏப்ரல், மே எல்லாம் உங்களைப் போல அலுவலகத்தில் இருப்பவர்கள் கணக்கு. நான் விதைப்பது நிலவை வைத்து எண்ணும் பழைய கணக்கில், நோன்பு பழைய கணக்கில், என் மகன் பிறந்தது பழைய கணக்கில். அவன் செத்தது மூன்றாம் மாதம் நான்காம் நாள். அது ஏப்ரலில் எத்தனை என்று அந்த நேரத்தில் எனக்கு எங்கே ஓடும்? அவன் முகத்தைப் பார்த்தால் போதும் என்று இருந்தேன்.

"நீங்களே ஒத்துக்கிட்டீங்களே" என்றார் ஹுவோ. சத்தமாகக்கூடச் சொல்லவில்லை.

மாகாணத் தலைநகருக்குப் போகிறேன். படியைத் தாண்டாதே என்று திட்டுவீர்கள். எனக்குக் கீழே படியே இல்லை அண்ணா. நான் தரையில் நிற்கிறேன்.

மூலப் பக்கத்தை அனுப்புங்கள். நகல் வேண்டாம்.

குய்லியான்


2008 ஜூலை 13, ஞாயிறு
பழைய கணக்கில் ஆறாம் மாதம் 11

குய்லியான்,

உன்னை மாகாணத் தலைநகர்ப் பேருந்து நிலையத்திலேயே பிடித்து, விடுதியொன்றில் இரண்டு நாள் வைத்திருந்து, ஜூலை 8ஆம் தேதி செவ்வாய்க்கிழமை வீட்டில் கொண்டுவந்து விட்டார்கள் என்று கேள்விப்பட்டேன். நீ எழுதித் தெரிவிக்கவில்லை. ஹுவோ வந்து சொன்னார்.

10ஆம் தேதி, வியாழன், காலை ஒன்பது இருபதுக்கு மூவர் வந்தனர்: ஹுவோ, என் பழைய அலுவலகத்திலிருந்து ஒருவர், நம் வெய்ஜிங் பாடம் நடத்தும் பள்ளியின் துணைத் தலைமையாசிரியர். தேநீர் குடித்தார்கள். ஒலிம்பிக்குக்கு இன்னும் இருபத்தொன்பது நாட்களே உள்ளன, அது முடியும்வரை எவரும் மனுவோடு மேலே போகக் கூடாது என்றார்கள். இருபத்தொன்பதுதான், நானும் எண்ணிப் பார்த்தேன். அரசுச் சம்பளம் வாங்கும் உறவினர் தங்கள் உறவினர் மனதைச் சரிசெய்யும் பொறுப்பை ஏற்க வேண்டும் என்பது ஏற்பாடாம். என் மகளுக்கு செப்டம்பர் 1 முதல் வகுப்பு கிடையாது. இனி அவளுடைய வேலை நீ. நீ கையெழுத்திட்டால் அவள் வகுப்புக்குத் திரும்பலாம்.

அவர்கள் போனதும் வெய்ஜிங் கேட்டாள்: "அப்பா, அத்தைகிட்ட நான் போய் என்னன்னு சொல்லணும்? சாங்ஹே அண்ணன் மூணு நாள் கழிச்சுத்தான் செத்தாருன்னு ஒத்துக்கோங்கன்னா?"

"போக வேண்டாம்" என்றேன்.

"போகலைன்னா என் வேலை போயிடும்பா. பதினாலு வருஷம் அந்தப் பள்ளிக்கூடத்துல நின்னிருக்கேன்."

பிறகு அவள் பாத்திரங்களைக் கழுவப் போனாள். மூன்று கோப்பைகளைக் கழுவ அரைமணி நேரம் ஆயிற்று.

இனி மனு கொடுக்கமாட்டேன் என்று ஒரு தாளில் எழுதித் தந்தால் போதுமாம். தேதியைப் பற்றி அதில் ஒன்றும் இருக்காது. யோசித்துப் பார். உத்தரவாக எழுதவில்லை. கேட்கிறேன்.

ஷோவ்ஜென்


அண்ணாவுக்கு,

வெயில் உச்சத்தில் இருக்கிறது. நாள் எனக்கே தெரியவில்லை.

என் வாசலில் இரண்டு பெண்களைக் காவல் வைத்திருக்கிறார்கள். ஒருத்தி பக்கத்து வீட்டு மருமகள். நாளெல்லாம் சீட்டு ஆடிக்கொண்டு சூரியகாந்தி விதை கொறித்துத் தோலை என் முற்றத்திலேயே துப்புகிறார்கள். நான் பெருக்குகிறேன். நேற்று அவள் கூப்பிட்டாள்: "அத்தே, சும்மாதானே இருக்கீங்க. மூணாவது கை குறையுது, வாங்க ஆடலாம்."

"உங்க ஊர்க் கணக்குல மூணாவது ஆளே கிடையாதே, ரெண்டு பேராவே ஆடுங்கடி" என்றேன்.

அவள் சிரிக்க ஆரம்பித்துப் பாதியில் நிறுத்திக்கொண்டாள். இந்தக் கடிதத்தை அவள்தான் தபாலில் போடப்போகிறாள். கேட்டதும் சரி என்றாள்.

வெய்ஜிங்கை நினைத்தால் வயிறு எரிகிறது. அவளைத் தூக்கி வளர்த்தவள் நான். அவள் வேலை போக வேண்டும் என்று நினைப்பேனா? ஆனால் அந்தத் தாளில் கையெழுத்துப் போட மாட்டேன் அண்ணா. ஒரு தடவை விரலை வைத்தேன், என் பிள்ளை காணாமல் போனான். குவாரியில் செத்தவர்கள் இரண்டு பேர் என்று பலகையே எழுதி வைத்துவிட்டார்கள். அப்படியென்றால் என் மகன் எதில் செத்தான்? பாறை விழாமலே செத்தானா? யாருடைய சாவிலும் சேராமல் அவன் எங்கே போய் நிற்பான்?

ஒன்று சொல்ல வேண்டும். அன்றைக்கு அவன் மூச்சு நின்றதும் நீங்கள் கைக்கடிகாரத்தைப் பார்த்தீர்கள். பையிலிருந்து பேனாவை எடுத்தீர்கள். நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். என் பிள்ளை செத்துக் கிடக்கிறான், இந்த மனுஷன் மணி பார்த்துக் குறிக்கிறாரே என்று அவ்வளவு கோபம் வந்தது. சவ ஊர்வலத்தில் உங்களோடு பேசாமல் இருந்தது அதனால்தான். இப்போது அந்தக் கோபத்துக்கு மன்னிப்புக் கேட்கிறேன். உலகத்திலேயே அவன் என்றைக்குச் செத்தான் என்று சரியாக எழுதி வைத்திருப்பது நீங்கள் ஒருவர்தான்.

அந்தப் பக்கத்தை அனுப்புங்கள். கிழிக்க மனமில்லையென்றால் குறிப்பேட்டையே அனுப்புங்கள். எனக்கு வேறு எதுவும் இல்லை.

குய்லியான்


தங்கைக்கு,

எப்படித் தொடங்குவது என்று தெரியாமல் நான்கு தாள்களை வீணாக்கினேன்.

குறிப்பேடு என்னிடம் இல்லை. அதை ஹுவோவிடம் கொடுத்துவிட்டேன்.

என்னை என் பழைய அலுவலகத்துக்கு அழைத்தார்கள். என் பழைய மேசைதான். மேலே கண்ணாடி மட்டும் புதிது. நான் இரண்டு மணி நேரம் மறுத்தேன். சாங்ஹே 12ஆம் தேதி இறந்தான் என்று எழுத மாட்டேன், அது பொய் என்றேன். ஹுவோ என் கோப்பையில் வெந்நீரை நிரப்பினார்.

"ஐயா, உங்களைப் பொய் எழுதச் சொல்வேனா? வயசாயிடுச்சு, தேதியெல்லாம் குழம்புதுன்னு மட்டும் எழுதுங்க. எழுபத்தொரு வயசு. இதுல என்ன பொய்? எல்லாருக்கும் குழம்பத்தானே செய்யும்?"

"எனக்குக் குழம்பாது."

"தெரியும் ஐயா. அதனாலதான் உங்க கையெழுத்து தேவைப்படுது."

பிறகு தணிந்த குரலில், "எனக்கும் ஒரு பொண்ணு இருக்கா ஐயா. நான் போயிட்டா இந்த நாற்காலிக்கு வர்றவன் எண்ணெயும் அரிசியும் கொண்டுட்டு வரமாட்டான்" என்றார்.

நான் எழுதினேன். 'சில ஆண்டுகளாக எனக்குத் தேதிகள் குழம்புகின்றன. என் நாட்குறிப்புகளை எவரும் ஆதாரமாகக் கொள்ள வேண்டாம்.' என் கையால், என் எழுத்தில். மிக நன்றாக எழுதியிருந்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். நீ கையெழுத்திட வேண்டிய தேவை இனி இல்லை. உன் மனுவுக்கு ஆதாரமே இல்லையென்று ஆகிவிட்டதால் அதை முடித்துவிட்டார்கள். முத்திரையை அங்கிருந்த இளைஞர் கோணலாக வைத்தார். நேராக வைக்கச் சொல்ல வாய்வரை வந்தது.

வெய்ஜிங்குக்கு வகுப்பு கிடைத்துவிட்டது. அதற்காகவே செய்தேன். அவள் சாப்பாட்டு மேசையில் என் முகத்தை நிமிர்ந்து பார்ப்பதில்லை.

நீ ஒருமுறையாவது என்னைத் திட்டி எழுத வேண்டும்.

ஷோவ்ஜென்


2008 செப்டம்பர் 14, ஞாயிறு
பழைய கணக்கில் எட்டாம் மாதம் 15, நிலா விழா நாள்

அண்ணாவுக்கு,

மேலே பாருங்கள், தேதி போட்டிருக்கிறேன். கிழமையும் போட்டிருக்கிறேன். பக்கத்து வீட்டு மருமகளிடம் நாட்காட்டி வாங்கிப் பார்த்து எழுதினேன். காவல் முடிந்துவிட்டது. ஒலிம்பிக் முடிந்ததும் அவள் சீட்டுக்கட்டை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டாள்.

உங்கள் கடிதத்தில் தேதி இல்லை. உறையின் முத்திரையைப் பார்த்தேன். ஆகஸ்ட் 29.

திட்டி எழுதச் சொன்னீர்கள். திட்டத் தெரியவில்லை. வெய்ஜிங் பிள்ளைகளுக்கு முன்னால் நிற்கிறாள் என்று நினைத்தால் நெஞ்சின் பாரம் கொஞ்சம் இறங்குகிறது. நீங்கள் வேறு எப்படிச் செய்திருக்க முடியும் என்று பல நாள் யோசித்தேன். தெரியவில்லை. ஆனால் ஒன்று புரிந்தது. மேலே போன என் மனு எங்கே போய் நிற்கும் என்று அன்றைக்குக் கேட்டேன் அல்லவா? ஹுவோ மேசையில் என்று நினைத்திருந்தேன். உங்கள் மேசையில் நின்றது.

சாங்ஹேவுக்குக் கல் நட்டுவிட்டேன். எந்தத் தேதி என்று கல்தச்சன் கேட்டான். மூன்றாம் மாதம் நான்காம் நாள் என்று செதுக்கச் சொன்னேன். போன வாரம் ஹுவோ வந்து பார்த்தார். கல்லின் முன்னால் நின்று விரல் விட்டு எண்ணினார். ஒருமுறை எண்ணிவிட்டு மறுபடி முதலிலிருந்து எண்ணினார். அழிக்கச் சொல்வார் என்று நான் மண்வெட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"பழைய கணக்குதானே பெரியம்மா. இதை எந்த அலுவலகத்துலயும் படிக்கமாட்டாங்க. இருக்கட்டும்" என்றார். ஒரு சிகரெட்டைப் பற்றவைத்துக் கல்லின் கீழே வைத்துவிட்டுப் போனார். சாங்ஹே புகைபிடிப்பான் என்று அவருக்கு யார் சொன்னார்களோ.

வருகிற ஆண்டு திதிக்கு வருவீர்கள், தெரியும். நாள் தவற மாட்டீர்கள். ஆனால் நான்காம் நாள் வர வேண்டாம் அண்ணா. அன்றைக்கு நான் மட்டும் அவனுக்குப் படையல் தாள் எரிக்கிறேன். நீங்கள் ஏழாம் நாள் வாருங்கள். ஏப்ரல் 12 என்றால் எங்கள் கணக்கில் அதுதான் என்று நாட்காட்டியில் பார்த்துவைத்திருக்கிறேன். சாவி கதவு நிலைக்கு மேலே இருக்கும். தாளும் தீப்பெட்டியும் அடுப்புப் பக்கத்தில் எடுத்து வைத்திருப்பேன்.

நான் வீட்டில் இருக்கமாட்டேன்.

குய்லியான்